சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு

கதை எழுதுகிறவன் பொய் சொல்லலாம். அதற்குத்தான் அவனுக்குச் சன்மானம். என் நாவலில் வரும் கதாநாயகன் வெள்ளம் புரளும் காவிரியை ஒரே மூச்சில் நீந்திக் கடந்தான் என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு யாரும் ஆற்றில் குதிப்பதில்லை. சாய்வு நாற்காலியில் படுத்தபடியே "ஆகா" என்றோ, "சுத்த உளறல்" என்றோ சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் எழுதியதைப் படித்த மறுநாளே யாரோ ஒரு பெண் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து மீன் வாங்குகிறாள், விருந்தாளிகளை அழைக்கிறாள், அடுப்பைப் பற்ற வைக்கிறாள். அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அவள் வாணலியில் விழுந்து சோதிக்கப்படுகிறது. வரி தோற்றுப் போனால் தோற்றவர் எழுதினவர் என்று யாரும் சொல்வதில்லை. சமைத்தவள் தோற்றாள் என்றுதான் சொல்கிறார்கள்.

இவனுக்கு என்ன இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

என் தங்கை நார்வே தேசத்தில், பெர்கன் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் உத்தியோகம். 2023-ஆம் வருஷம் அக்டோபரில் அவர்கள் வீட்டில் ஒரு மாதம் போய்த் தங்கினேன். பெர்கனில் மழை பெய்கிறதா என்று கேட்கக்கூடாது, எப்போது நிற்கும் என்றுதான் கேட்க வேண்டும் என்று மாப்பிள்ளை விமான நிலையத்திலேயே சொல்லி வைத்தார். ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா என் பெட்டியில் முறுக்கும் ஊறுகாயும் வைத்தாள். அவற்றோடு, ஒரு வாரப் பத்திரிகையின் சமையல் இணைப்பிலிருந்து கத்தரித்த ஒரு துண்டுக் காகிதத்தையும் மடித்து வைத்தாள். 'எலுமிச்சை மிளகு ஸால்மன்' என்று தலைப்பு. "அங்கே இந்த மீன்தானே கிடைக்குதாம், கொடுத்திடு" என்றாள். ஆகவே, கடல் கடந்து அந்தப் பாவத்தைச் சுமந்து போனவன் நானே. அதையும் இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஸால்மன் என்றால் நம் காதுக்கு ஏதோ ராஜாக்கள் சாப்பிடும் பண்டம் போலத் தொனிக்கிறது. அங்கே அப்படி இல்லை. 1970-ஆம் வருஷம் ஹித்ரா என்ற தீவில் இரண்டு சகோதரர்கள் கடலிலேயே கூண்டு கட்டி ஸால்மன் வளர்த்துக் காட்டினார்கள். அதிலிருந்து பிறந்த தொழிலில் இன்று உலகத்திலேயே நார்வேதான் முதல். தெருக்கோடிக் கடையில்கூடக் கண்ணாடித் தாளில் சுற்றி, ஆரஞ்சு நிறத்தில், துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாளையைப் போல எங்கும் கிடைக்கிறது. விலைதான் சாளை விலை இல்லை.

என் தங்கை மீன் தெரியாதவள் இல்லை. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். சீலா மீன் துண்டு சட்டியில் கிடக்கும்போது, எட்ட நின்று பார்த்தே "இன்னும் ஒரு கொதி வேணும்" என்று சொல்லிவிடக் கூடியவள். பத்து வயதிலேயே அந்தக் கண் அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளையின் மேலதிகாரியும் அவர் மனைவியும் சாப்பிட வருவதாக ஏற்பாடானதும், தன் கண்ணை நம்பாமல் காகிதத்தை நம்பினாள். அன்னிய தேசத்து மீன், அன்னிய தேசத்து விருந்தாளிகள். அச்சில் வந்தது சரியாக இருக்கும் என்று நினைத்தாள். அச்சின்மேல் நம் மக்களுக்கு உள்ள மரியாதை அப்படி. என் போன்றவர்கள் பிழைப்பதும் அந்த மரியாதையால்தான்.

காகிதம் சொன்னது இவ்வளவுதான்: மீன் துண்டுகளில் எலுமிச்சம் சாறு, உப்பு, மிளகுத்தூள் மூன்றையும் தடவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். எண்ணெய் புகைகிற வரை காய வேண்டும். சாறு வெளியேறாதபடி அடைபடுவதற்காகக் கடுந்தீயில் இரண்டு பக்கமும் பொரிக்க வேண்டும். ஏழு நிமிஷத்தில் ருசியான ஸால்மன் தயார்.

அவள் ஓர் எழுத்துப் பிசகவில்லை. கடிகாரத்தைக்கூட அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துக்கொண்டாள். மீன் எண்ணெயில் விழுந்த அரை நிமிஷத்தில் மிளகு கருகி, அந்தப் புகை கூடம் வரைக்கும் போய், மேலதிகாரியின் மனைவி இருமினாள். கூரையில் வைத்திருந்த புகை மணி அலறத் தொடங்கிற்று. மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறி அதை ஒரு துணியால் விசிறிக்கொண்டிருந்தார். மீனோ வாணலியோடு ஒட்டிக்கொண்டது. திருப்பினால் தோல் அடியிலேயே தங்கிவிட்டது. சதை நாலாய்ப் பிய்ந்தது. பிய்ந்த இடங்களில் வெள்ளை வெளேரென்று, திரிந்த பால் மாதிரி ஒன்று பொங்கி வடிந்தது. ஏழு நிமிஷம் முடிந்தபோது தட்டில் வைக்கப்பட்ட வஸ்துவை விருந்தாளிகள் மிகுந்த நாகரிகத்துடன், தண்ணீர் குடித்துக் குடித்து, விழுங்கினார்கள்.

அவர்கள் போன பிறகு மாப்பிள்ளை சொன்னது ஒரே வாக்கியம்: "அதுல எழுதியிருக்கிற மாதிரியே செஞ்சிருக்கலாமே."

அவர் கெட்டவர் இல்லை. அப்படியேதான் அவள் செய்தாள் என்பது அவருக்குத் தெரியாது. என் தங்கை பதில் பேசவில்லை. வாணலியைத் தேய்த்துக்கொண்டே, வெகு நேரம் கழித்து, "எனக்கு இந்த ஊர் மீனுக்குக் கை ராசி இல்லை, அண்ணா" என்றாள். என் கோபம் பிறந்த இடம் அதுதான். முப்பது வருஷத்துக் கைப்பழக்கம் உள்ள ஒருத்தியை, நாலு வரி அச்சு, தனக்குக் கை ராசி இல்லை என்று நினைக்க வைத்துவிட்டது.

இனி அந்த நாலு வரியை எடுத்துக்கொள்வோம். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் ரஸாயனம் படித்து அதோடு படிப்பை நிறுத்தினவன். அந்த அரைகுறைப் படிப்பே இதற்குப் போதும்.

எலுமிச்சம் சாற்றை மீனில் பிழிந்தால் அது வாசனைப் பொருள் மாத்திரம் இல்லை, ஒரு விதத்தில் நெருப்பும்கூட. பெரு தேசத்தார் பச்சை மீனை எலுமிச்சம் சாற்றில் போட்டு, அடுப்பே மூட்டாமல் சாப்பிடுகிறார்கள். புளிப்பு பட்ட சதை, உஷ்ணம் பட்ட சதையைப் போலவே வெளுத்து இறுகுகிறது. மாமிசத்தின் புரதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மசிகிறது. அரை மணி நேரம் சாற்றில் ஊறின ஸால்மன் துண்டின் மேற்புறம் வாணலிக்குப் போகு முன்பே பாதி வெந்த மாதிரிதான். போதாததற்கு நனைந்தும் போயிருக்கிறது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து ஆவியாகும். அது முழுவதும் ஆவியாகிற வரை மீனின் மேற்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த வாசனையும் வருவதற்கு அதற்கு மேலே, சுமார் 140 டிகிரி வேண்டும். 1912-ல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த விளைவு இது. ரொட்டியின் தோலும் வறுத்த காப்பிக்கொட்டையும் மணப்பது இதனால்தான். மீனை ஈரமாக்கிவிட்டுப் பொன்னிறமாகப் பொரி என்று சொல்வது, விறகை நனைத்துக் கொடுத்துவிட்டு அடுப்பூது என்று சொல்வதற்குச் சமானம்.

மிளகு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த வருத்தமும் உண்டு. மலையாளக் கரையின் மிளகுக்காகத்தான் வாஸ்கோ ட காமா 1498-ல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து கோழிக்கோட்டில் இறங்கினான். அவ்வளவு தூரம் வந்து வாங்கினது காரத்தை மட்டும் இல்லை, மணத்தையும் சேர்த்துத்தான். காரம் சூட்டைத் தாங்கும். மணம் தாங்காது, ஆவியாய்ப் பறந்துவிடும். நைஸான தூளைப் புகைகிற எண்ணெயில் போட்டால் மிஞ்சுவது கசப்பும் இருமலும். கொரகொரப்பாக உடைத்த மிளகைத் தோல் இல்லாத பக்கத்தில் முதலிலேயே தூவுகிற நல்ல சமையல்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் வாணலியில் அதிக நேரம் படுவதில்லையாதலால் அவர்களுக்கு அது சரிப்படுகிறது. இந்தக் குறிப்பு எழுதினவரோ இரண்டு பக்கமும் தூள் தடவச் சொல்லி, இரண்டு பக்கமும் கடுந்தீயில் காட்டச் சொல்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய பொய், 'சாறு வெளியேறாதபடி அடைபடும்' என்பது. இதற்குப் பழைய வம்சாவளி உண்டு. லீபிக் என்ற ஜெர்மன் ரஸாயன மேதை 1847-ல் உணவின் ரஸாயனத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாமிசத்தை ஆரம்பத்திலேயே கடும் உஷ்ணத்தில் வைத்தால் மேற்புறம் கெட்டித்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கும் சாறு வெளியே வராது என்றார். மேதை சொன்னதால் சமையல்காரர்கள் நம்பினார்கள். சமையல்காரர்கள் சொன்னதால் புத்தகம் எழுதுகிறவர்கள் நம்பினார்கள். 1984-ல் ஹரால்ட் மெக்கீ என்ற அமெரிக்கர் சமையல் விஞ்ஞானத்தைப் பற்றிய தம் பெரிய புத்தகத்தில் இதைத் தெளிவாக மறுத்துவிட்டார். ஆனால் மறுப்பைப் பார்க்க அவருடைய புத்தகம்கூட வேண்டாம், காது போதும். மீன் வாணலியில் 'சொய்' என்று சப்தம் போடுகிறதே, அது என்ன? உள்ளிருந்து வரும் நீர் சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிற சப்தம்தான். சாறு அடைபட்டிருந்தால் வாணலி ஊமையாகி இருக்க வேண்டும். பொரிப்பது ருசிக்காக, வாசனைக்காக, தோல் மொறுமொறுப்பதற்காக. சாற்றைப் பூட்டுவதற்கு அந்தத் தோலில் தாழ்ப்பாள் ஒன்றும் இல்லை.

இந்தப் பொய்யினால் என்ன நஷ்டம் என்றால், அதை நம்புகிறவள் பயப்பட மாட்டாள். சாறுதான் உள்ளே பத்திரமாக இருக்கிறதே, இன்னும் இரண்டு நிமிஷம் கிடந்தால் என்ன என்று விட்டுவிடுவாள். சூடு ஏற ஏற மீனின் தசைநார் சுருங்கி, உள்ளிருக்கும் ஈரத்தையும் ஒரு வகைப் புரதத்தையும் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அந்தப் புரதம் வெளியே வந்து உறைந்ததைத்தான் என் தங்கை மீன் கெட்டுவிட்டதோ என்று பார்த்துப் பயந்தாள். மீன் கெடவில்லை. சூடு மிஞ்சிவிட்டது என்று மீன் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. குறிப்பில் இதற்கு ஒரு வரி கிடையாது.

கடைசியில் ஏழு நிமிஷம். எந்த மீனுக்கு ஐயா ஏழு நிமிஷம்? நடுத்துண்டு மூன்று விரல் கனம், வால்துண்டு ஒரு விரல் கனம். நார்வேயில் கூண்டில் வளர்ந்த மீனுக்குக் கொழுப்பு அதிகம், சற்றுச் சூடு மிஞ்சினாலும் பொறுத்துக்கொள்ளும். பசிபிக் சமுத்திரத்தில் ஸாக்கை என்று ஒரு ஸால்மன் இருக்கிறது. கொழுப்புக் குறைவு, துண்டும் மெல்லிசு, ஏழு நிமிஷத்தில் அட்டையாகிவிடும். இரும்பு வாணலி ஒரு மாதிரி, மெல்லிய தகர வாணலி ஒரு மாதிரி. குளிர்ப்பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த துண்டா, அரை மணி வெளியே இருந்ததா? இத்தனையும் தெரியாதவர் ஏழு என்று எப்படிச் சொன்னார்? ஜோஸ்யர்கள்கூட ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் இருந்தார். 1980-களில் இலங்கையில் கலவரமும் சண்டையும் மூண்டபோது நார்வேக்கு வந்த தமிழர்களில் பலர், அந்தத் தேசத்தின் வடகோடியில் பின்மார்க் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இந்த அம்மாளும் அப்படி வந்தவர். மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத ஊரில், ஐஸ் தண்ணீரில் கை விறைக்க, எத்தனையோ வருஷம் மீன் அறுத்தவர். சனிக்கிழமை புகை மணியின் அலறல் அவருக்கும் கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் தாமே இரண்டு துண்டு மீனோடு இறங்கி வந்தார். என் தங்கை வழக்கம்போல எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தாள்.

"ஏன் பிள்ளை, தேசிக்காய்ப் புளியை இப்பவே விடப்போறீர்? அது கடைசியிலை" என்றார் அவர்.

மீனை ஒரு துணியில் வைத்து ஒற்றினார். திருப்பி மறுபடி ஒற்றினார். தோலில் விரலை வைத்துப் பார்த்து மூன்றாந்தரமும் ஒற்றினார். உப்பு மட்டும் போட்டார். வாணலி காய்ந்தது, ஆனால் புகையவில்லை. தோல் கீழே இருக்கும்படி வைத்து, தோல் சுருண்டுகொள்ளாதபடி கரண்டியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். பிறகு தீயைத் தணித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். என் தங்கைக்குக் கை துறுதுறுத்தது. கரண்டியை நுழைக்கப் போனாள்.

"பொறும் பிள்ளை. இழுக்காதையும். வெந்தால் தானா விடும்."

துண்டின் விளிம்பைப் பார்க்கும்படி எங்களைக் கூப்பிட்டார். ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் அடியிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு மேலே ஏறிற்று. (அந்த நிறமே கூண்டு மீனுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கப்படுவதால் வருகிறது என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. காட்டு மீனுக்கும் அதே பொருள்தான் கூனி இறால் வழியாக வருகிறது. அதை நான் பொய்க் கணக்கில் சேர்க்க மாட்டேன்.) வெளுப்பு முக்கால் உயரம் ஏறினதும் கரண்டியை நுழைத்தார். மீன் வழுக்கிக்கொண்டு வந்தது, தோல் முழுசாக. மறுபக்கம் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கட்டி வெண்ணெய் போட்டார். எலுமிச்சைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் அதன்மேல் சன்னமாகத் துருவினார். வாசனை எல்லாம் தோலில்தான் இருக்கிறது. சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு. அப்புறம் சாறு ஒரு பிழி, அப்போது உடைத்த மிளகு ஒரு சிட்டிகை. வீடு முழுவதும் மணந்தது. மணி அலறவில்லை.

ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். அவரால் ரொம்பச் சொல்ல முடியவில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பக்கத்தில் நின்று செய்து காட்டினார். பத்திரிகையில் எழுதுகிறவர் நம் பக்கத்தில் நிற்பதில்லை. ஆகையால் அவர் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒற்று என்று சொன்னால் போதாது, ஈரம் இருந்தால் சிவக்காது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த பெண் மீன் மாறினாலும், வாணலி மாறினாலும், தேசமே மாறினாலும் சமாளித்துக்கொள்வாள். நிமிஷம் மட்டும் தெரிந்தவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் மீன் தீய்ந்துவிடும்.

இதற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் பத்திரிகைக்காரர்களோடு இருபது வருஷம் பழகினவன். "இடம் போதாது" என்பார்கள். அந்தப் பக்கத்தில் மீனின் வண்ணப் படத்துக்கு முக்கால் பக்கம் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கொத்தமல்லித் தழை, ஒரு வெள்ளி முள்கரண்டி. அந்தத் தழையை எடுத்துவிட்டால் இரண்டு வரிக்கு இடம் வந்துவிடும். "வாசகிகள் சுருக்கமாகத்தான் கேட்கிறார்கள்" என்பார்கள். சுருக்கமாகக் கேட்டார்கள், சரி. பொய்யாகக் கேட்டார்களா?

"குறைவாக வேக வைக்கச் சொன்னால் யாருக்காவது வியாதி வந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டால் அது மட்டும் நியாயமான கேள்வி. இதற்கும் ஒளிக்காமல் பதில் சொல்லலாம். அமெரிக்க அரசாங்கம் மீன் உள்ளே 63 டிகிரி வரை சூடாக வேண்டும் என்கிறது. ஸால்மனை 50 டிகிரியைச் சற்றுத் தாண்டினதுமே எடுத்துவிடுகிற சமையல்காரர்கள் நிறையப் பேர். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடும் மீனில் புழு பூச்சி இருந்தால் சாவதற்காக, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைக்கச் சொல்லும் விதியும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும், வயசாளிகளுக்கும், குழந்தைகளுக்கும் நன்றாக வேக வைத்தே கொடுக்க வேண்டும். இதை எழுதிவிட்டு, தீர்மானத்தை அடுப்படியில் நிற்பவளிடம் விட்டுவிடலாம். அவள் அறிவு உள்ளவள். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற சின்ன உஷ்ணமானி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னால் வாங்கிக்கொள்வாள். பாழாய்ப்போன இரண்டு துண்டு ஸால்மனைவிட அது ஒன்றும் பெரிய செலவாக இருக்காது.

ஊர் திரும்பியதும் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன், என் பெயர் போட்டுத்தான். பிரசுரமாகவில்லை, பதிலும் இல்லை. என் தங்கை மாப்பிள்ளையின் மேலதிகாரியையும் அவர் மனைவியையும் மறுபடி அழைத்தாள் என்றும், அந்த அம்மாள் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றும் போனில் சொன்னாள். எத்தனை நிமிஷம் வைத்தாய் என்று வேண்டுமென்றே கேட்டேன். "யாருக்குத் தெரியும்? பார்த்து எடுத்தேன்" என்றாள்.

போன வாரம் அதே இணைப்பில் எலுமிச்சை இறால் வந்திருக்கிறது. ஐந்து நிமிஷமாம். நான் ஒளித்து வைப்பதற்குள் அம்மா அதைப் போனில் படம் பிடித்து நார்வேக்கு அனுப்பிவிட்டாள்.